டூடன் அகராதி: ஒரு தலைமையாசிரியர் போட்ட புத்தகத்தை இன்று வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கற்றுக்கொள்வதற்காக டூடன் என்ற இந்த ஜெர்மன் எழுத்துக்கூட்டல் அகராதியை வாங்க நினைக்கிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் காசை வேறு புத்தகத்தில் போடுங்கள். ஏற்கெனவே ஜெர்மன் தெரியும், அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது, அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கை நிற்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். இது ஒரு தலைமையாசிரியர் தன் பள்ளிக்கூடத்துத் தலைவலியைத் தீர்க்கப் போட்ட புத்தகம். 140 வருஷம் ஓடியும் அந்தக் குணம் அதை விட்டுப் போகவில்லை.

என்னிடம் இருப்பது 2020 ஆகஸ்டில் வந்த 28-ஆம் பதிப்பு. அதற்கப்புறம் 2024-இல் 29-ஆம் பதிப்பு 1,51,000 சொற்களோடு வந்துவிட்டது, ஆனால் நான் இங்கே சொல்வதெல்லாம் 28-ஐ வைத்துத்தான். தூரத்திலிருந்தே தெரியும் மஞ்சள் அட்டை, 1296 பக்கம், 1,48,000 சொல், வந்தபோது விலை 28 யூரோ. கட்டு உறுதியாக இருக்கிறது, நடுவில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்வதில்லை, அகராதிக்கு அது முக்கியம். எழுத்து சின்னதுதான். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கடையில் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எடையும் கொஞ்சம் ஜாஸ்தி, பையில் போட்டுக்கொண்டு திரிகிற சாமான் இல்லை இது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? வீட்டுக்கு ஜெர்மனில் 'ஹவுஸ்'. அதைத் தேடிப் போனால் சொல்லுக்குப் பக்கத்தில் 'தாஸ்' என்ற சார்படை (ஆங்கிலத்து 'தி' மாதிரி) இருக்கும், அதாவது இது நடுப்பால். அப்புறம் ஆறாம் வேற்றுமையில் என்ன விகுதி சேரும் என்பது, அப்புறம் பன்மை 'ஹொய்ஸர்'. வீடு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. ஜெர்மன்காரனுக்கு வீடு என்றால் என்ன என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. அரிய சொல், பிறமொழிச் சொல், ஏதாவது ஒரு துறைக்கே உரிய சொல் என்றால் மட்டும் அடைப்புக்குறிக்குள் இரண்டு மூன்று வார்த்தையில் ஒரு குறிப்பு வரும். மற்றதெல்லாம் எழுத்து, பால், வேற்றுமை, பன்மை, அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவர்கள் வாங்க வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். இணையத்தில் இதை வாங்கிவிட்டு 'அர்த்தமே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்' என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஆனால் அட்டையிலேயே இது எழுத்துக்கூட்டலுக்கான புத்தகம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தால் மரியாதை வரும். அழுத்தம் விழும் உயிரெழுத்து குறில் என்றால் அதன் அடியில் ஒரு புள்ளி, நெடில் என்றால் ஒரு கோடு. வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் எங்கெங்கே உடைக்கலாம் என்பதற்குச் சொல்லுக்குள்ளேயே மெல்லிய செங்குத்துக் கோடுகள். தகராறு பிடித்த சொற்களில் 'கே' என்று போட்டு ஒரு எண் இருக்கும், முன்பகுதியில் அந்த எண்ணுள்ள விதிக்குப் போனால் காரணம் புரியும். ரொம்பவே படுத்தும் சொற்களுக்குத் தனிக் கட்டம் கட்டி, எப்போது பெரிய எழுத்து, எப்போது சின்ன எழுத்து என்று உதாரணத்தோடு பிரித்துக் காட்டியிருப்பார்கள். பழகிவிட்டால் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க அரை நிமிடம் போதும். விளக்கம் வேண்டும் என்கிறவன் விதியைப் படிக்கட்டும், வேலை முடிந்தால் போதும் என்கிறவன் சொல்லைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற இந்த ஏற்பாடு வகுப்பறையில் நின்ற ஆளுக்குத்தான் தோன்றும். முப்பது பையன்கள் ஒரே நேரத்தில் கை தூக்கினால் யாருக்கும் பத்து நிமிடம் பாடம் எடுக்க முடியாது.

அந்த ஆள் கொன்ராட் டூடன். டூடன் என்றால் கம்பெனிப் பெயர் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஜெர்மனியிலேயே சிலர் அப்படித்தான். 1829 ஜனவரி 3-ஆம் தேதி ரைன் நதிப் பக்கத்தில் வேஸல் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் ஜெர்மானிய மொழியியலும் கிரேக்க லத்தீன் இலக்கியமும் படித்தார், 1848 புரட்சிக் காலத்து மாணவர் போராட்டங்களில் கலந்துகொண்டார், படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1854-இல் ஆசிரியர் தேர்வையும் முடித்து, மார்புர்கில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா, சோஃபக்கிளீஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி'. ஜெர்மன் ஸ்பெல்லிங்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்புறம் இத்தாலிக்குப் போய் ஜெனோவாவில் மறுபடியும் வீட்டு ஆசிரியர் வேலை, மெஸ்ஸினாவில் இருந்த ஒரு தூதரின் மகள் அடெலீனெயை 1861-இல் கல்யாணம், ஆறு பிள்ளைகள். 1859-இலிருந்து ஸோஸ்ட் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர்.

இதுவரை பார்த்தால் அந்தக் காலத்து ஜெர்மன் ஆசிரியர் பத்துப் பேரில் ஒருவர் வாழ்க்கை. 1869-இல் தூரிங்கன் பக்கம் ஷ்லைட்ஸ் என்ற சின்ன ஊரில் கிம்னாசியும், அதாவது பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பள்ளி, அதன் தலைமையாசிரியராகப் போனார். அங்கேதான் கதை மாறுகிறது. ஷ்லைட்ஸ் இருந்தது ராய்ஸ் என்ற குட்டிச் சமஸ்தானத்தில். அந்த அரச குடும்பத்தில் ஆண் பிள்ளை யார் பிறந்தாலும் ஹைன்ரிஷ் என்றுதான் பெயர், எண் மட்டும் மாறும், டூடன் போனபோது ஆண்டுகொண்டிருந்தவர் பதினான்காம் ஹைன்ரிஷ். பெயரில் அவ்வளவு ஒழுங்கு. எழுத்தில்தான் இல்லை.

அந்த நேரத்து நிலைமையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 1871-இல் ஜெர்மனி ஒரே பேரரசாகிவிட்டது, ஆனால் எழுத்துக்கூட்டல் ஒன்றாகவில்லை. ஹனோவர் 1855-இலேயே தன் பள்ளிகளுக்கென்று தனி விதி போட்டிருந்தது, அதைப் பார்த்து மற்ற பகுதிகளும் ஆளுக்கொன்று போட்டன. பதிப்பகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். ஒரே பள்ளியில் ஒரு ஆசிரியர் சரி என்று விட்டதை அடுத்த வகுப்பு ஆசிரியர் சிவப்பு மையில் அடிக்கலாம், இரண்டு பேர் மேலும் தப்பில்லை. திட்டு வாங்குவது பையன். தலைமையாசிரியருக்கு இது மொழிக் கொள்கைப் பிரச்சினை இல்லை, தினசரி நிர்வாகப் பிரச்சினை, மதிப்பெண் பிரச்சினை. முதலில் தன் பள்ளிக்கு விதிகள் எழுதினார். 1872-இல் அதை விரித்து, விதியும் சொற்பட்டியலுமாக லைப்ஸிக்கில் டோய்ப்னர் பதிப்பகம் மூலம் புத்தகமாக்கினார். இன்றைக்கும் அதை 'ஷ்லைட்ஸ் டூடன்' என்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டூடனுக்குச் சொந்த ஆசை ஒன்று இருந்தது. ஒலிக்கிறபடி எழுத வேண்டும், தேவையில்லாத எழுத்தெல்லாம் ஒழிய வேண்டும் என்ற கட்சி அவர். எதிர்க்கட்சியில் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் வழி வந்தவர்கள், ஒரு சொல்லின் பழைய வரலாறு எழுத்தில் தெரிய வேண்டும் என்றவர்கள். 1876 ஜனவரியில் பேரரசிலேயே பெரிய மாநிலமான பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் ஃபால்க் பெர்லினில் ஒரு மாநாடு கூட்டினார், பதினான்கு பேர், டூடனும் அதில் ஒருவர், முக்கியப் புள்ளி மொழியறிஞர் ருடோல்ஃப் ஃபொன் ரௌமர். நெடிலைக் காட்டுவதற்கென்று எழுதும் கூடுதல் எழுத்துகளைப் பல இடங்களில் எடுத்துவிடலாம் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, அரசுகள் கைவிட்டுவிட்டன, திட்டம் அதோடு போயிற்று. (லை, னை மாறியபோது நம் பக்கம் எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.)

தோற்ற கட்சிக்காரர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? இன்னொரு புத்தகம் எழுதி, நான் சொன்னதுதான் சரி என்பார்கள். டூடனும் அந்த வருஷமே எதிர்கால எழுத்துமுறை பற்றி ஒரு புத்தகம் போட்டார்தான். ஆனால் அதே 1876-இல் ஹெஸ்ஸன் பகுதி ஹெர்ஸ்ஃபெல்டில் அரசு கிம்னாசியுமுக்குத் தலைமையாசிரியராகப் போனார், நாலு வருஷம் கழித்து அவர் செய்த காரியம்தான் அவரை மற்றவர்களிலிருந்து பிரிக்கிறது. 1879-இல் பவேரியாவும் 1880-இல் பிரஷ்யாவும் பள்ளிகளுக்கு எழுத்து விதிகள் வெளியிட்டன. அவை டூடனின் ஆசைக்கு ரொம்பக் கீழே, மிதமான, பழசையும் புதுசையும் சமாதானப்படுத்தும் விதிகள். டூடன் தன் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு அந்த அரசு விதிகளையே எடுத்து, சொல் சொல்லாகப் பொருத்தி, ஒரு அகராதி போட்டுவிட்டார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சுமாரான முறை இருந்தால், நாட்டின் ஒரு மூலையில் மட்டும் இருக்கும் அற்புதமான முறையைவிட அது மேல் என்பது அவர் கணக்கு. அறிஞர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. பள்ளிக்கூடம் நடத்துகிறவனுக்கு இதைத் தவிர வேறு கணக்கு கிடையாது.

1880 ஜூலையில் லைப்ஸிக்கின் பிப்லியோகிராஃபிஷெஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பதிப்பகம் வெளியிட்ட அந்த முதல் அகராதியில் 187 பக்கம், ஏறத்தாழ 27,000 சொல், விலை 1 மார்க். பிரஷ்ய, பவேரிய விதிகளின்படி என்று தலைப்புப் பக்கத்திலேயே இருக்கும், ஆசிரியர் பெயருக்கு அடியில் ஹெர்ஸ்ஃபெல்ட் அரசு கிம்னாசியும் தலைமையாசிரியர் என்று பதவியும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய பெரிய ஜெர்மன் அகராதி முடிந்தது 1961-இல். அது மகத்தான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் நாளைக்குத் தேர்வுத்தாள் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு அது எந்தக் காலத்தில் உதவும்? ஒரு மார்க்குக்குக் கிடைத்த 187 பக்கம் உதவியது, அதனால் அது பரவியது. என்னிடம் இருக்கும் பதிப்பில் 'ஹவுஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்று சொன்னேன் இல்லையா, காரணம் இந்த 187 பக்கத்தில் இருக்கிறது. அப்போதே பொருள் சொல்லும் வேலையை அது பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை, சரியான எழுத்தைக் காட்டுவது மட்டும்தான் வேலை.

அன்றைய பேரரசின் சான்சலர் பிஸ்மார்க் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. பிரஷ்யாவில் இந்தப் பள்ளி விதிகளைக் கொண்டுவந்தவர் அமைச்சர் ராபர்ட் ஃபொன் புட்காமர், பிஸ்மார்க்கின் மனைவி பிறந்ததும் புட்காமர் என்ற குடும்பத்தில்தான். ஆனாலும் பிஸ்மார்க்குக்குக் கோபம் தலைக்கேறி, அரசு அலுவலர் யாராவது புதிய எழுத்துமுறையில் எழுதினால் கூடுதல் தண்டனை என்று உத்தரவே போட்டுவிட்டார். ஆக பள்ளியில் பிள்ளைக்கு ஒரு எழுத்து, அலுவலகத்தில் அப்பாவுக்கு இன்னொரு எழுத்து, சாயங்காலம் வீட்டில் யார் யாருக்குத் திருத்துவது? இந்தக் குழப்பம் இருபது வருஷம் ஓடியது, டூடன் அகராதி மட்டும் பதிப்பு மேல் பதிப்பாக விற்றுக்கொண்டிருந்தது. பிஸ்மார்க் பதவியை விட்டுப் போய் 1898-இல் இறந்தும் போனார். 1901 ஜூனில் பெர்லினில் இரண்டாவது மாநாடு கூடியது, டூடனும் போனார், இந்தத் தடவை முடிவு நிலைத்தது, ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் கூட ஏற்றுக்கொண்டன. பள்ளத்தாக்குக்கு 'தால்', கதவுக்கு 'ட்யூர்' என்று ஜெர்மன் சொற்களில் டி-க்கு அடுத்து வெட்டியாக நின்ற ஹெச் எல்லாம் அப்போது போனதுதான். சிம்மாசனத்தைக் குறிக்கும் 'த்ரோன்' மட்டும் ஹெச்சோடு தப்பித்துக்கொண்டது, பேரரசர் தன் நாற்காலியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னதால்தான் என்று ஒரு கதை உலவுகிறது, சிரிக்க நல்ல கதை, கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பது அதைவிட நம்பும்படியான காரணம்.

இப்போது மறுபடியும் என் மேசையில் இருக்கும் புத்தகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் இங்கேதான் வருகிறது. அரசு விதி பல சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் சரி என்கிறது. டால்பினைக் குறிக்கும் 'டெல்ஃபீன்' எஃப் போட்டும் எழுதலாம், பி-யும் ஹெச்-சும் போட்டும் எழுதலாம். அறிமுகமாவதைக் குறிக்கும் 'கென்னன்லெர்னன்' சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம். 'காரணமாக' என்ற பொருளில் வரும் 'அவுஃப்க்ருண்ட்' அதே மாதிரி. இரண்டும் சரி என்றால் எழுதுகிறவனுக்குச் சுதந்திரம் என்று தோன்றும், ஆனால் ஐம்பது பக்க அறிக்கையை மூன்று பேர் சேர்ந்து எழுதும்போது அது சுதந்திரம் இல்லை, தொல்லை. டூடன் இந்த மாதிரி இடங்களில் ஒரு வடிவத்துக்கு மஞ்சள் பூசி, எங்கள் சிபாரிசு இது என்கிறது. 2006-இல் வந்த 24-ஆம் பதிப்பிலிருந்து இந்த மஞ்சள் இருக்கிறது. எங்கள் குழுவில் தகராறு வந்தால் மஞ்சளைப் பார், எழுது, அடுத்த வேலையைப் பார், அவ்வளவுதான் சட்டம்.

இந்த மஞ்சளின் பாட்டனார் 1903-இல் வந்தவர். 1901 மாநாட்டின் விதிகளிலும் இதே மாதிரி 'இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம்' நிறைய இருந்தது. அச்சகக்காரர்களுக்கு அது கட்டுப்படி ஆகவில்லை, ஒரே செய்தித்தாளில் முதல் பக்கம் ஒரு மாதிரி, மூன்றாம் பக்கம் ஒரு மாதிரி கோத்துக்கொண்டிருந்தால் திருத்துகிறவன் பைத்தியமாகிவிடுவான். எழுபதைத் தாண்டிய டூடன் அவர்களுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே வடிவம். அச்சகத்து டூடன் என்று அதற்குப் பெயர். அவர் காலத்துக்குப் பிறகு 1915-இல் வந்த 9-ஆம் பதிப்பில் அதையும் பெரிய அகராதியையும் ஒன்றாக்கினார்கள், டூடன் என்ற பெயர் தலைப்பிலேயே ஏறியதும் அப்போதுதான். ஊரெல்லாம் எந்த வடிவத்தில் படிக்கிறதோ அதுதான் கடைசியில் நிலைக்கும், விதியை எழுதுகிறவனைவிட அச்சுக் கோக்கிறவன் கையில்தான் மொழி இருக்கிறது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். இதற்காகவே அந்த மனிதருக்கு நான் ஐந்து நட்சத்திரம் போடுவேன். புத்தகத்துக்கு நாலுதான்.

ஒரு நட்சத்திரம் எதற்குக் குறைந்தது என்று சொல்கிறேன். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் 'ஆயிரக்கணக்கில் புதிய சொற்கள்' என்று நடத்தும் ஆர்ப்பாட்டம் எனக்கு அலுத்துவிட்டது. 2020-இல் லாக்டவுன் வந்தது, விமானத்தில் போவதற்கு வெட்கப்படுவதைக் குறிக்கும் 'ஃப்ளூக்ஷாம்' வந்தது, தொலைபேசி இணைப்புக்கான பழைய நீளமான அரசாங்கச் சொல் போயிற்று, ஏறத்தாழ 300 சொல் இப்படி வெளியேறின. பத்திரிகைகள் ஒரு வாரம் இதையே எழுதின, ஆங்கிலம் ஜெர்மனைத் தின்றுவிட்டது என்று புலம்புகிறவர்கள் புலம்பினார்கள். சொற்களைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பெரிய உரைத்தொகுப்பில் எத்தனை தடவை, எத்தனை விதமான இடங்களில் வருகிறது என்று பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் எனக்குச் சந்தேகம் வருவது புதிய சொல்லில் இல்லை, பழைய சொல்லைச் சேர்ப்பதா பிரிப்பதா என்பதில். லாக்டவுனை எப்படி எழுதுவது என்று யாருக்குத்தான் தெரியாது? மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வாங்கவைக்க இது ஒரு சாக்கு. 25-ஆம் பதிப்போ 26-ஆம் பதிப்போ கையில் இருக்கிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது.

ஆனால் பழையது என்றால் எவ்வளவு பழையது என்பது முக்கியம். பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் இரண்டாவது பிரதி ஒன்று வாங்கினேன், 'புதிது போல' என்று போட்டிருந்தார், அட்டைப் படம் மட்டும்தான் காட்டியிருந்தார், வந்து சேர்ந்தது 1980-களில் அச்சான புத்தகம். புதிது போலத்தான் இருந்தது, யாரும் திறந்ததே இல்லை. கேட்டால் பதில் இல்லை. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'என்று' என்பதற்கு ஏறத்தாழ இணையான 'தஸ்' என்ற இணைப்புச் சொல்லைத் தேடும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசியில் எஸ்-செட் என்ற வளைந்த எழுத்து மட்டும் இருந்தால் அது 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம், இரண்டு எஸ் இருந்தால் பிந்தையது. இரண்டு எஸ் இருந்தாலும் 2006-க்கு அப்புறம் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் 1996 விதிகளைப் பாதி திரும்ப மாற்றி ஏறத்தாழ இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது 2006-இல்.

இந்த 1996 சமாசாரம் டூடன் நிறுவனத்துக்கும் பெரிய அடி. 1955-இலிருந்து மேற்கு ஜெர்மனியில் சந்தேகம் வந்தால் டூடன் சொல்வதுதான் முடிவு என்று மாநிலக் கல்வி அமைச்சர்களே அறிவித்திருந்தார்கள். ஒரு தனியார் பதிப்பகத்துக்கு இப்படி ஒரு அதிகாரம். நாற்பது வருஷம் அது நீடித்தது. இதற்கிடையில் நாடே இரண்டாக இருந்தபோது அகராதியும் இரண்டாக இருந்தது, கிழக்கே லைப்ஸிக்கில் ஒரு டூடன், மேற்கே மன்ஹைமில் ஒரு டூடன், 1991-இல்தான் 20-ஆம் பதிப்பில் மறுபடியும் ஒன்றாயின. 1996-க்கு அப்புறம் விதி போடுவது அரசுகள் அமைத்த குழுவின் வேலை, 2004-இலிருந்து ஜெர்மன் எழுத்துமுறை மன்றம் அதைப் பார்த்துக்கொள்கிறது, டூடன் அந்த விதிகளைச் சொற்களில் பொருத்திக் காட்டும் அகராதிகளில் ஒன்று மட்டுமே. நிறையப் பேர் இதை ஒரு வீழ்ச்சி மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1880-இல் தலைமையாசிரியர் செய்ததும் இதேதான், விதி அரசாங்கத்துடையது, அதை நாலாவது வகுப்புப் பையனுக்கும் அச்சுக் கோக்கிறவனுக்கும் எட்டும்படி செய்தது மட்டும் அவருடையது.

அவர் ஹெர்ஸ்ஃபெல்ட் பள்ளியில் 1905 வரைக்கும் இருந்தார், 29 வருஷம். அகராதியின் எட்டுப் பதிப்புகளைப் பள்ளி வேலைக்கு நடுவிலேயே பார்த்துக்கொண்டார் என்பதை நினைத்தால், இந்தக் காலத்தில் ஒரு பதிப்புக்கு ஒரு பெரிய ஆசிரியர் குழு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வருகிறது. ஓய்வுக்குப் பிறகு வீஸ்பாடன் பக்கத்தில் ஸோன்னன்பெர்கில் இருந்து 1911 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இறந்தார், அடக்கம் செய்தது ஹெர்ஸ்ஃபெல்டில்.

புத்தகமா இணையமா என்று கேட்பீர்கள். டூடன் இணையதளம் இலவசம், அதில் பொருளும் உண்டு, இணைச்சொல்லும் உண்டு, உச்சரிப்பைக் கேட்கவும் முடியும். விளம்பரம் கொஞ்சம் தொல்லை. ஒரே ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும் என்றால் இணையம் போதும், நானே பாதி நேரம் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் எந்தச் சொல்லில் சந்தேகம் என்று தெரியாமலே ஒரு சந்தேகம் இருக்கும் இல்லையா, சேர்த்து எழுதுவதில் பொதுவாகவே குழப்பம், எண்ணுப் பெயரில் எப்போதும் குழப்பம் என்கிற மாதிரி, அதற்குக் காகிதம்தான் சரி. முன்பகுதி விதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தால், அப்புறம் புத்தகத்தைத் திறக்கும் தேவையே பாதி குறைந்துவிடும். சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அங்கே எஸ்-செட்டே கிடையாது, எல்லா இடத்திலும் இரண்டு எஸ்தான், புத்தகம் ஜெர்மனி வழக்கப்படிதான் சொல்லை முதலில் காட்டும்.

1880 புத்தகத்தைப் பார்க்க ஆசை இருந்தால் இணைய நூலகங்களில் ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம். பழைய ஃப்ராக்டூர் எழுத்தில் இருக்கும், அதில் நீட்டி எழுதிய எஸ்ஸும் எஃப்பும் ஒன்று போலவே கண்ணுக்குத் தெரியும், முதலில் கொஞ்ச நேரம் எரிச்சலாக வரும். டி வரிசையில் ஆரம்பியுங்கள், அந்த வெட்டி ஹெச்சுகள் இன்னும் போகாமல் நிற்பதைப் பார்க்கலாம்.